மூவாயிரம் ரூபாய்க்குள் மின்சாரத் தாய்ப்பால் பம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

தக்கலைக்காரி

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் வீடு, நாகர்கோவிலில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மூன்று மாதம் ஆனதும் வந்துவிட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். காலை ஏழரைக்கு வீட்டை விட்டால் திரும்பி வர மாலை ஐந்தரை ஆகும். பிள்ளையை என் அம்மா பார்த்துக்கொள்வார். பால்பவுடர் கொடுக்க எனக்கு மனம் இல்லை.

மின்சாரப் பம்ப் வாங்கலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. 1,200 ரூபாயிலும் இருக்கிறது, 20,000 ரூபாயிலும் இருக்கிறது. என்னால் 3,000 வரைதான் முடியும். அந்த விலையில் வாங்குவது உருப்படியாக வேலை செய்யுமா? ஒற்றைப் பம்ப் போதுமா, இரட்டைதான் வேண்டுமா? விளம்பரத்தில் ஒன்பது நிலை, பன்னிரண்டு நிலை, 300 மி.மீ. பாதரச உறிஞ்சு விசை என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். இதில் எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்?

மார்த்தாண்டம் மைனி

பம்ப் இருக்கட்டும், முதலில் ஒன்று கேட்கிறேன். மூன்று மாதத்தில் ஏன் போக வேண்டும்? 2017இல் சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று ஆக்கிவிட்டார்களே. அரசு வேலையில் இருக்கிற என் நாத்தனாருக்கு ஒரு வருடம் கிடைத்தது. உன் முதலாளியிடம் அதைக் கேட்டாயா?

தக்கலைக்காரி

கேட்டேன் மைனி. பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்துமாம். எங்கள் நிலையத்தில் முதலாளியைச் சேர்த்தாலும் எட்டுப் பேர்தான். அவர் சம்பளத்தோடு மூன்று மாதம் தந்ததே பெரிது என்று அம்மா சொல்கிறார். நடுவில் பால் எடுக்க இருபது நிமிடம் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ரத்தம் எடுக்கும் அறைக்குப் பின்னால் தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை இருக்கிறது.

மார்த்தாண்டம் மைனி

அப்படியானால் சரி. அந்தத் தாழ்ப்பாள் பத்தாயிரம் ரூபாய்க்குச் சமம், விட்டுவிடாதே.

நான் என் இளையவனுக்கு வைத்திருந்தது 2,000 ரூபாய்ச் சொச்சத்தில் வாங்கிய ஒற்றைப் பம்ப். பெயர் சொல்லவில்லை, இப்போது அந்த மாடல் கிடைக்கவும் இல்லை. அதை வைத்தே பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை ஓட்டினேன். ஆகவே விலை குறைந்தது எல்லாம் குப்பை என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் ஒன்று: வாங்கிய புதிதில் நன்றாக இழுக்கும், சில வாரத்தில் இழுவை குறையும், பால் வற்றிவிட்டது என்று நீ பயந்துபோவாய். அங்கேதான் விஷயம் இருக்கிறது. இதை இன்னும் விவரமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் வரட்டும்.

குளச்சல் பாட்டி

இத்தனை செலவு எதற்கு மக்களே? 600 ரூபாய்க்குக் கையால் அழுத்துகிற பம்ப் விற்கிறதே. அதுவும் இல்லாமல் எங்கள் காலத்தில் கையால்தான் பீச்சினோம். பூண்டும் பால்சுறாப் புட்டும் சாப்பிட்டால் பால் தானாக ஊறும்.

வெள்ளைச் சீருடை

பாட்டி சொல்வதில் பாதி சரி. கையால் பீச்சத் தெரிந்துகொள்வது எல்லாத் தாய்மாருக்கும் அவசியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பால்சுறாவும் பூண்டும் உடம்புக்கு நல்லது, சாப்பிடட்டும். ஆனால் பாலை ஊற வைப்பது பால் வெளியே போவதுதான். மார்பு காலியாகக் காலியாகத்தான் உடம்பு புதிதாகச் சுரக்கும். நிறைந்தே கிடந்தால், இனி இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். தக்கலைக்காரி பத்து மணி நேரம் பிள்ளையை விட்டு இருக்கப்போகிறார். அந்த நேரத்தில் மூன்று முறையாவது பால் எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் கல்யாண வீட்டுக்குப் போகிறவருக்குக் கைப்பம்ப் போதும். தினமும் மூன்று முறை என்றால் மணிக்கட்டு தாங்காது. மின்சாரம்தான் சரி.

நான் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பம்ப் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் பம்பில் குறை இருக்காது, மார்பில் வைக்கும் புனலின் அளவு பொருந்தியிருக்காது. பெட்டிக்குள் பெரும்பாலும் 24 மி.மீ. அல்லது அதற்கும் பெரிய புனல்தான் வரும். நம் பெண்கள் பலருக்கு அது பெரிது. காம்போடு சேர்ந்து சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் குழாய்க்குள் இழுபட்டுப் போகும், வலிக்கும், பாலும் சரியாக வராது. சிறிதாகிப் போனால் காம்பு பக்கத்தில் உரசிப் புண்ணாகும்.

அளப்பது எளிது. பால் கொடுப்பதற்கு முன்னால், ஒரு ஸ்கேலை வைத்துக் காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை மட்டும் மி.மீ. கணக்கில் பாருங்கள். கறுப்பு வட்டத்தைச் சேர்க்கக் கூடாது. அந்த அளவோடு இரண்டு, மூன்று மி.மீ. கூட்டினால் உங்கள் புனல் அளவு கிடைக்கும். சிலருக்கு எதையும் கூட்டாமலே சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 24க்குள் பொருத்திக்கொள்ள 17, 19, 21 அளவுகளில் சிலிக்கான் செருகிகள் தனியாக விற்கின்றன. பம்ப் வாங்கும் பணத்தில் சில நூறு ரூபாயை இதற்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

300 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். மருத்துவமனையில் வைத்திருக்கும் லட்சத்தைத் தொடும் இயந்திரமே 250க்கு மேல் போவதில்லை. வலிக்காத அளவில் எது அதிகமோ அதுதான் உங்கள் நிலை. வலித்தால் பால் இறங்காது. ஒன்பது நிலை இருக்கிறது என்பதற்காக ஒன்பதில் வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

பிள்ளையின் அப்பா

நான் மோட்டார் மெக்கானிக். என் மனைவிக்கு வாங்கிய பம்பைக் கழுவுவது, மாட்டுவது எல்லாம் என் பொறுப்பு. மைனி சொன்ன அந்த 'சில வாரத்தில் இழுவை குறையும்' விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த விலையில் வரும் எல்லாப் பம்புகளுக்குள்ளும் இருப்பது ஒரே மாதிரிச் சின்ன மோட்டார்தான். 2,000 ரூபாய்ப் பம்புக்கும் 4,000 ரூபாய்ப் பம்புக்கும் மோட்டாரில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் ரப்பரில்தான். புனலுக்குக் கீழே, பால் பாட்டிலுக்குள் சொட்டும் இடத்தில், வாத்தின் அலகு போல ஒரு வெள்ளை சிலிக்கான் வால்வு தொங்கும். மோட்டார் இழுக்கும்போது அது மூடிக்கொள்ள வேண்டும், விடும்போது திறந்து பாலைக் கீழே விட வேண்டும். மூடவில்லை என்றால் காற்று கசியும், இழுவை போய்விடும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு போனால் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ஏறாது அல்லவா, அதே கதை.

வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனியில் உள்ள கீறல் ஒரு முடி அளவுகூட வாய் திறக்காமல் ஒட்டி மூடியிருக்க வேண்டும். என் மனைவி 'பால் குறைந்துவிட்டது' என்று அழுதுகொண்டிருந்த அன்று நான் அப்படிப் பார்த்தபோது, கீறலின் ஒரு முனை கிழிந்து அரிசி அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. பாட்டில் பிரஷை உள்ளே விட்டு யாரோ தேய்த்திருக்கிறார்கள். புது வால்வு போட்டதும் பழைய இழுவை வந்துவிட்டது. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் வீட்டில் வெந்தயக் கஞ்சியும் முருங்கைக்கீரையுமாக ஓடியது!

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்த மாடலுக்கு வால்வும், பால் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் சவ்வும் தனியாகக் கிடைக்குமா' என்பதுதான். கிடைக்காது என்றால் அது 999 ரூபாய்க்குத் தந்தாலும் வேண்டாம். இணையத்தில் தேடும்போது பம்பைத் தேடாமல் முதலில் அதன் உதிரி வால்வைத் தேடுங்கள். வால்வு கிடைக்கிற பம்பை வாங்குங்கள். தினமும் பயன்படுத்துகிறவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கையில் ஒன்று எப்போதும் கூடுதலாக இருக்கட்டும்.

மார்த்தாண்டம் மைனி

இதைத்தான் சொல்ல வந்தேன். மெக்கானிக் தம்பி அழகாகச் சொல்லிவிட்டார்.

இரட்டையர் அம்மா

ஒற்றையா இரட்டையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். எனக்கு எட்டாம் மாதத்தில் இரட்டைப் பிள்ளைகள். இருவரும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததால் முதல் சில வாரம் முழுக்க முழுக்கப் பம்ப்தான். ஒரு நாளைக்கு எட்டு முறை, இரவிலும் விடாமல். அப்படிப்பட்டவர்களுக்கு இரட்டைப் பம்ப் இல்லாமல் முடியாது. 3,000 ரூபாய்ப் பம்பும் போதாது. மருத்துவமனையில் இருக்கும் பெரிய இயந்திரத்தையே பயன்படுத்த வேண்டும், அல்லது அதை வாடகைக்கு எடுக்க வேண்டும்.

தக்கலைக்காரியின் நிலை வேறு. பிள்ளை நேராகவே குடிக்கிறது, காலையும் மாலையும் இரவும் குடிக்கும். பகலில் மூன்று முறை எடுத்தால் போதும். கேள்வி நேரம்தான். ஒற்றைப் பம்பில் ஒரு பக்கம் பதினைந்து நிமிடம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் அரை மணி நேரம். முதலாளி தருவது இருபது நிமிடம். ஆகவே 3,000க்குள் நல்ல உதிரிகளோடு இரட்டை கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் ஒற்றையை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் பம்ப், மறுபக்கத்தை அடியில் ஒரு கிண்ணம் வைத்துக் கையால் பீச்சுவது. பழகிவிட்டால் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று. பிராவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கம்பியில்லாப் பம்புகள் இப்போது நிறைய வருகின்றன. பார்க்க ஆசையாக இருக்கும், வேலை பார்த்துக்கொண்டே பால் எடுக்கலாம் என்பார்கள். குனிந்து ரத்தம் எடுக்கிற வேலையில் இருப்பவருக்கு அது சரிப்படாது. சாய்ந்தால் கொட்டும். முதல் பம்பாக அதை வாங்க வேண்டாம்.

கடலோரத்தாள்

கரண்ட் பற்றி யாரும் பேசவில்லையே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது என் மூத்தவளுக்கு நான்கு மாதம். எங்கள் ஊரில் மின்கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது, பல நாள் கரண்ட் இல்லை. கடலுக்குப் போனவர்களைத் தேடிக்கொண்டு ஊரே கரையில் நின்றது. அந்த நேரத்தில் பம்பாவது ஒன்றாவது! சார்ஜ் போன பிறகு அது மேசையில் பிளாஸ்டிக்காகக் கிடந்தது. ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்திருந்த பாலும் போயிற்று. மார்பில் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தைதான் கையால் பீச்சச் சொல்லிக்கொடுத்தார்.

அதனால் சொல்கிறேன், யூ.எஸ்.பி. வயரில் ஓடுகிற பம்பாகப் பாருங்கள். செல்போனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கிலேயே ஓட்டலாம். சுவரில் மாட்டினால்தான் ஓடும் என்கிற பழைய மாடல் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். 2015 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டு பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் வந்தன, நல்ல காரியம். அங்கே உட்கார்ந்து எடுக்கலாம். ஆனால் பிளக் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

வெள்ளைச் சீருடை

கையால் பீச்சும் முறையைக் கேட்டுச் சிலர் தனியாக எழுதியிருக்கிறார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கட்டைவிரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும், காம்புக்கு இரண்டு விரற்கடை பின்னால் வையுங்கள். முதலில் மார்புக்கூட்டை நோக்கிப் பின்னால் அழுத்துங்கள், அப்படியே விரல்களைச் சேருங்கள், விடுங்கள். தோலை இழுக்கவோ காம்பைப் பிதுக்கவோ வேண்டாம். சொட்டுச் சொட்டாக ஆரம்பித்துப் பிறகு பீறிடும். விரல்களைக் கடிகார முள் போல நகர்த்தி எல்லாப் பக்கமும் எடுங்கள். பம்ப் போட்டு முடித்த பிறகு இப்படி இரண்டு நிமிடம் பீச்சினால் அடியில் தங்கிய கொழுப்பான பாலும் வந்துவிடும்.

பால் கட்டினால் கொதிக்கிற ஒத்தடம் கொடுத்து உருட்டித் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். இப்போது மருத்துவர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். வீக்கம்தான் அதிகமாகும். ஈரத்துணியில் சுற்றிய ஐஸ், மென்மையான தடவல், பிள்ளையை வழக்கம்போலக் குடிக்க விடுவது, இவ்வளவே போதும். காய்ச்சல் வந்து, மார்பு சிவந்து வலித்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியது இல்லை.

அண்டி ஆபீஸ் மகள்

என் அம்மா முந்திரி ஆலையில் தொலி உரித்தவர். மத்தியான மணி அடித்ததும் சுவர் ஓரமாக நின்று பாலைப் பீச்சித் தரையில் விடுவாராம். முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் பிள்ளைக்காப்பகம் வைக்க வேண்டும் என்று அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது. அது தெரிந்த ஒரு பெண்ணையும் நான் அங்கே பார்த்ததில்லை. பம்ப் பற்றிப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இதையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

தக்கலைக்காரி

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம் அக்கா.

எல்லோருக்கும் நன்றி. நிறையக் குழப்பம் தீர்ந்தது. அளந்து பார்த்தேன், எனக்கு 19 செருகி வேண்டியிருக்கும் போலத் தெரிகிறது. இரண்டு சந்தேகம். என் பெரியம்மா மகள் அவள் பயன்படுத்திய பம்பைத் தருகிறேன் என்கிறாள். நல்ல கம்பெனிப் பம்ப், சும்மாவே தருகிறாள். வாங்கலாமா? அடுத்தது, பீச்சி வைத்த பால் கெட்டுவிடும், போதாததற்குக் கண்ணேறு படும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்கிறார். அவருக்கு என்ன சொல்ல?

பிள்ளையின் அப்பா

பழைய பம்பில் ஒன்றைப் பாருங்கள். பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் தடுப்புச் சவ்வு இருக்கிறதா? இல்லாவிட்டால் பாலும் ஈரமும் குழாய் வழியே மோட்டார் வரை போயிருக்கும். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தாலும் வெளியே தெரியாது, திறந்து கழுவவும் முடியாது. குழாயின் உட்சுவரில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் பேசவே வேண்டாம்.

வெள்ளைச் சீருடை

கடைகளில் வாங்கும் பம்ப் ஒருவருக்கு மட்டும்தான். உறவுக்காரர் தந்தாலும் வேண்டாம் என்பதுதான் நான் வார்டில் சொல்வது. பலர் பயன்படுத்தலாம் என்று செய்யப்படுபவை மருத்துவமனை இயந்திரங்கள். அவற்றிலும் புனலும் குழாயும் ஒவ்வொரு தாய்க்கும் தனி. அக்காள் மனம் நோகும் என்றால் பாட்டில்களையும் குளிர்ப்பையையும் வாங்கிக்கொள்ளுங்கள், பாட்டிலைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்தலாம்.

அம்மாவுக்குக் கணக்காகச் சொல்லுங்கள். அறை 25 டிகிரிக்குள் இருந்தால் பீச்சிய பால் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் அடுக்களை பங்குனி மாதம் எங்கே 25இல் நிற்கிறது? அதனால் எடுத்த உடனே ஃப்ரிட்ஜில் வைப்பதே நல்லது. ஃப்ரிட்ஜின் உட்புறத்தில், கதவில் அல்ல, நான்கு நாள் வரை வைக்கலாம். தனிக் கதவு உள்ள ஃப்ரீஸரில் ஆறு மாதம் நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது, இரண்டு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. உருகிய பாலை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை வாய் வைத்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டிவிடலாம்.

வேலை இடத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தாலும் ரத்தச் சாம்பிள் வைக்கும் ஃப்ரிட்ஜில் பாலை வைக்காதீர்கள். நன்றாக உறைந்த ஐஸ் பேக் போட்ட குளிர்ப்பையில் 24 மணி நேரம் வரை இருக்கும். தக்கலை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும் கவலை இல்லை.

சூடு செய்யும்போது அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, மைக்ரோவேவும் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாட்டிலை நிறுத்தி வைத்தால் போதும். மேலே மஞ்சளாக ஏடு பிரிந்து நிற்கும், கெட்டுப்போனதாக அம்மா நினைத்துவிடுவார். மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சிலருடைய பாலில் சில மணி நேரத்தில் சோப்பு வாசம் வரும். அது பாலிலேயே இருக்கும் லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது, பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. புளித்த வாடை வேறு, அது வந்தால் கொட்டிவிடுங்கள்.

கண்ணேறுக்கு என்னிடம் மருந்து இல்லை. பாட்டிலைச் சுற்றி ஒரு துணி போட்டு வைக்கச் சொல்லுங்கள், ஒளி படாமல் இருப்பது பாலுக்கும் நல்லதுதான்.

குளச்சல் பாட்டி

பாட்டில் எதற்கு, சங்கு இல்லையா வீட்டில்? பாலாடையில் புகட்டினால் பிள்ளை மார்பை மறக்காது. பாட்டிலைச் சப்பிப் பழகிவிட்டால் அம்மாவிடம் வந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வெள்ளைச் சீருடை

பாட்டி சொல்வது முழுக்கச் சரி. நாங்களும் வார்டில் அதைத்தான் சொல்கிறோம். பாலாடையைக் கொதிக்க வைப்பதும் எளிது, பாட்டில் நிப்பிளைப் போல இடுக்குகள் இல்லை. பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, அது விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். ஊற்றிவிடக் கூடாது.

கழுவுவது பற்றி: பாலில் பட்ட பாகங்களை ஒவ்வொரு முறையும் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தனிப் பாத்திரத்தில் கழுவுங்கள், பாத்திரம் விளக்கும் தொட்டியில் போடாதீர்கள். நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, சுத்தமான துணியில் காற்றாட விடுங்கள். துடைக்க வேண்டாம். வால்வுக்குள் பிரஷ் வேண்டாம் என்பதை மெக்கானிக் தம்பி சொல்லிவிட்டார். காற்றுக் குழாயில் பால் ஏறாத வரை அதைக் கழுவத் தேவை இல்லை. ஈரம் கோத்திருந்தால் பால் எடுத்து முடித்த பிறகு பம்பைச் சும்மா இரண்டு நிமிடம் ஓட்டினால் உலர்ந்துவிடும்.

தக்கலைக்காரி

பம்ப் வந்துவிட்டது! யூ.எஸ்.பி. வயரில் ஓடும் இரட்டைப் பம்ப், உதிரி வால்வு இரண்டு, 19 செருகி ஒரு ஜோடி. எல்லாம் சேர்த்து 3,000ஐக் கொஞ்சம் தாண்டிவிட்டது. அம்மா மிச்சத்தைப் போட்டார்.

ஆனால் மனம் சோர்ந்துவிட்டது. பிள்ளைக்குக் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லிதான் வந்தது. பாட்டிலோ 150 மில்லிக்குக் கோடு போட்டிருக்கிறது. எனக்குப் பால் போதவில்லையா?

இரட்டையர் அம்மா

பாட்டிலில் கோடு போட்டவன் உன் மார்பைப் பார்த்துவிட்டா போட்டான்? பிள்ளை குடித்த பிறகு 40 மில்லி வந்ததே நல்ல அளவு. 15 மில்லி வந்தாலும் பயப்பட வேண்டாம். பிள்ளைக்குப் பதிலாக எடுக்கும்போதுதான் 60, 90 என்று வரும். பம்பில் வருவதை வைத்துப் பால் அளவைக் கணக்குப் போடவே கூடாது. பிள்ளை இழுப்பது போல எந்த இயந்திரமும் இழுக்காது. பிள்ளைக்கு எடை கூடுகிறதா, நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறதா, அதைப் பார்.

பால் எடுக்கும்போது பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்காராதே. ஒரு காலுறையை அதன் மேல் மாட்டிவிடு. செல்போனில் பிள்ளை சிணுங்கும் வீடியோவைப் போட்டுக் கேள். எனக்கு அதைக் கேட்டதும் மார்பு குறுகுறுத்துப் பால் இறங்கும்.

மார்த்தாண்டம் மைனி

முதலில் வேகமாகவும் மென்மையான இழுவையாகவும் ஒரு நிலை இருக்கும், தூண்டும் நிலை. இரண்டு நிமிடம் அதில் வை. பால் சொட்டத் தொடங்கியதும் மற்றதற்கு மாற்று. பால் நின்றதும் மறுபடி தூண்டும் நிலைக்குப் போ, இன்னொரு முறை இறங்கும். பிள்ளையும் அப்படித்தான், முதலில் படபடவென்று சப்பும், பால் வந்ததும் நிதானமாக விழுங்கும். நிறையப் பேர் முதல் நிலையிலேயே விட்டுவிட்டுப் பம்ப் சரியில்லை என்பார்கள்.

தக்கலைக்காரி

ஆமாம் மைனி, நான் நிலையை மாற்றவே இல்லை. பெட்டியோடு வந்த காகிதத்தில் எல்லாம் படமாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் விட்டுப் போக வேண்டும்? 500 மில்லியாவது வேண்டும் என்கிறார்.

வெள்ளைச் சீருடை

ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையுள்ள பிள்ளை ஒரு நாள் முழுவதும் குடிப்பது சராசரியாக 750 மில்லி அளவில்தான். மணிக்கு 30 மில்லி என்று வைத்தால் உங்கள் பத்து மணி நேரத்துக்கு 300 மில்லி. அதை ஒரே பாட்டிலில் வைக்காமல் 60, 90 மில்லியாகப் பிரித்து வைத்துத் தேதி எழுதி ஒட்டுங்கள், மிச்சம் கொட்டுவது குறையும். பழையதை முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். பால்பவுடர் குடிக்கும் பிள்ளைக்குப் போல மாதத்துக்கு மாதம் அளவு கூட்ட வேண்டியது இல்லை, ஆறு மாதம் வரை ஏறக்குறைய இதே அளவுதான்.

வேலைக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தினமும் விடியற்காலையில், பிள்ளை ஒரு பக்கம் குடித்து முடித்ததும் மறுபக்கத்தை ஒருமுறை எடுத்து வையுங்கள். அந்த நேரத்தில்தான் அதிகம் வரும். முதல் நாளுக்கு வேண்டிய 300 மில்லியும் கைக்காவலுக்குக் கொஞ்சமும் சேர்ந்தால் போதும். அதன்பிறகு திங்கட்கிழமை எடுத்தது செவ்வாய்க்கிழமைக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ரீஸர் நிறையச் சேர்த்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அளவுக்கு மீறி எடுத்தால் பால் கட்டும்.

கடலோரத்தாள்

வேலைக்குச் சேர்வதற்கு முன் ஒருநாள் ஒத்திகை பாருங்கள். அம்மாவிடம் பாலாடையைக் கொடுத்துவிட்டு நீங்கள் சந்தைக்குப் போய்விடுங்கள். நீங்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு வாசம் தெரியும், பாலாடையைத் தட்டிவிடும்.

தக்கலைக்காரி

நாளைக்கே வெட்டூர்ணிமடம் வரை போய் வரும் வேலை ஒன்று இருக்கிறது, அதையே ஒத்திகையாக வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் பம்ப் போட வேண்டுமா?

இரட்டையர் அம்மா

வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை கேட்கும்போதெல்லாம் நேராகக் கொடு. திங்கட்கிழமைக்கு வேண்டியதைச் சனிக்கிழமை எடுத்ததில் எடுத்துக்கொள், நான்கு நாள் கணக்குக்குள்தானே வருகிறது.

பிள்ளையின் அப்பா

ஞாயிற்றுக்கிழமை வால்வை மட்டும் கழற்றி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதை வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளையிடம் விடலாம்.